ஔவை கிடைத்தார், ஒளி காணாமல் போனது

வாசகர் கேள்விகளுக்கு ஓர் இணைய நிரலாளரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நான் பராமரிக்கும் குறிப்பேட்டு மென்பொருளைப் பற்றியவை. பகலில் மற்றவர்களுக்கு வலைத்தளம் கட்டிக் கொடுப்பது என் தொழில். இரவில் இந்தக் குறிப்பேடு. உலாவியில் திறந்து மனத்தில் பட்டதை எழுதி வைக்கலாம், வேண்டும்போது தேடி எடுக்கலாம். அதற்கு மேல் அது எதுவும் செய்யாது. மற்றக் கேள்விகளுக்கும் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

*எந்தச் செயலியைப் புதுப்பித்தாலும் 'பிழைகள் திருத்தப்பட்டன, வேகம் கூட்டப்பட்டது' என்று ஒரே வரிதான். என்ன பிழை, யாருக்கு வந்த பிழை என்று ஏன் சொல்வதில்லை? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)*

சொல்லாமல் இருக்க நியாயமான காரணம் ஒன்று உண்டு, ஐயா. பாதுகாப்பில் இருந்த ஓட்டையை அடைத்திருந்தால், பெரும்பாலோர் புதிய பதிப்புக்கு மாறும்வரை அதன் விவரத்தை வெளியிடாமல் வைத்திருப்பதுதான் சரி. இன்னும் மாறாதவர் வீட்டுக்குத் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடக் கூடாது.

மற்ற நேரங்களில் அது சோம்பல்தான். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ஒரு சமயம், 'தேடல் தொகுதியில் நார்மலைசேஷன் சேர்க்கப்பட்டது' என்று எழுதி வெளியிட்டேன். அந்தப் பிழையால் ஒரு மாதம் அவதிப்பட்டவரே அதைப் படித்துவிட்டு, 'என் பிரச்சினையை எப்போது சரிசெய்வீர்கள்?' என்று மறுபடி கேட்டு எழுதினார். அவருக்காகச் செய்த வேலை அவருக்கே தெரியவில்லை. அன்று உட்கார்ந்து மாற்றி எழுதினேன்: 'வேறு கோப்பிலிருந்து ஒட்டிய குறிப்புகள் சில, தேடினால் கிடைக்காமல் இருந்தன. இனி கிடைக்கும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.'

அன்றிலிருந்து யாருக்கு வந்தது, அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, இப்போது அவர் ஏதாவது செய்ய வேண்டுமா என்ற மூன்றையும் எழுதாமல் நான் பதிப்பை வெளியிடுவதில்லை. நிரலில் எந்த வரி மாறியது என்பது எனக்கும் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் போதும். அதை, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி வைத்துக்கொள்ளும்.

*அந்தத் தேடல் பிழை என்ன என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா? கண்ணெதிரே 'கொடி' என்று இருக்கிறது, தேடினால் 'இல்லை' என்கிறது. எனக்கும் நடந்தது. (மொழிபெயர்ப்பாளர்)*

மகிழ்ச்சியோடு சொல்கிறேன். எனக்கு மிகப் பிடித்த பிழை இது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொது முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்களை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு. 'கொடி' என்ற சொல்லில் க, ஒகரக் குறி, ட, இகரக் குறி என்று நான்கு. ஆக 12 பைட். ஆனால் ஒகரக் குறியை இன்னொரு விதமாகவும் எழுதலாம். முன்னால் நிற்கும் கொம்பு ஒன்று, பின்னால் நிற்கும் கால் ஒன்று எனத் தனித்தனியாக. அப்போது அதே சொல் 15 பைட். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கணினியோ கண்ணால் பார்ப்பதில்லை, எண்களை ஒப்பிடுகிறது. அதற்கு இவை இரண்டு வேறு சொற்கள்.

நான் முன்பு சொன்ன, ஒரு மாதம் அவதிப்பட்டவர் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பிலிருந்து ஒட்டியிருந்தார். மாற்றிக் கொடுத்த கருவி கொம்பையும் காலையும் பிரித்தே வைத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பைட்டுகளை எண்ணியபோதுதான் பிடிபட்டது. 12, 15.

திருத்தம் சின்னதுதான். இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிலேயே இருக்கிறது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அவர் எழுதி வைத்ததைத் தொடவில்லை. தேடலுக்கென்று வைத்திருக்கும் அட்டவணையில் மட்டும் மாற்றினேன். இன்னொருவர் எழுத்தில் கேட்காமல் கை வைக்க எனக்கு மனம் வராது.

கதை இதோடு முடியவில்லை. அடுத்த வாரமே, 'ஔவை என்று தேடினால் பாதிதான் வருகிறது' என்று ஒரு மாணவி எழுதினார். பலர் ஔ என்ற எழுத்தைத் தட்டாமல் ஒ, ள என்று இரண்டாகத் தட்டி 'ஒளவை' என்று எழுதுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் மிகக் குறைவு. நார்மலைஸ் இதைச் சேர்த்து வைக்காது. ஏனென்றால் ள தனக்கென ஓர் எழுத்து. நான் அவசரப்பட்டு, 'ஒ பக்கத்தில் ள வந்தால் ஔ என்று எடுத்துக்கொள்' என்று ஒரு வரி சேர்த்து இரவோடு இரவாக வெளியிட்டேன். காலையில் ஔவை கிடைத்தார். 'ஒளி' காணாமல் போயிருந்தது. 'ஒளிர்', 'ஒளிந்த' எல்லாம் அட்டவணையில் ஔவுக்குப் பின்னால் அனாதையாக ஓர் இகரக் குறியோடு நின்றன.

உடனே பழைய பதிப்புக்குத் திரும்பினேன். 'நேற்று இரவு முதல் இன்று காலை வரை ஒளி, ஒளிர் போன்ற சொற்கள் தேடலில் கிடைத்திருக்காது. தவறு என்னுடையது. உங்கள் குறிப்புகளுக்குச் சேதம் இல்லை' என்று பதிப்புக் குறிப்பில் எழுதினேன். சரியான விதி மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. சொல்லின் முதலில் ஒ இருந்து, அடுத்து வரும் ள மேல் புள்ளியோ உயிர்க்குறியோ எதுவும் ஒட்டாமல் இருந்தால் மட்டுமே அது ஔ. 'ஒளவை' இதில் மாட்டும், 'ஒளி' தப்பிக்கும். இந்த முறை இரண்டு சொற்களையும் சோதனைத் தொகுப்பில் சேர்த்த பிறகே வெளியிட்டேன். அந்தச் சோதனைகள் இன்னும் தினமும் ஓடுகின்றன.

*மூன்று நாள் எழுதிய நிரலை, கிட்டில் பழைய நிலைக்கே திருப்பிவிடும் 'ரீசெட் ஹார்டு' கொடுத்து ஒரு நொடியில் இழந்துவிட்டேன். அழுகையாக வருகிறது. திரும்பக் கிடைக்குமா? (கல்லூரி மாணவி)*

கமிட் செய்திருந்தீர்கள், அதாவது எழுதியதை கிட்டில் பதிந்திருந்தீர்கள் என்றால் கிடைக்கும், தங்கச்சி. முதலில் அந்தக் கோப்புறையில் வேறு எதையும் செய்யாதீர்கள். 'கிட் ரீஃப்லாக்' என்று தட்டுங்கள். நீங்கள் எங்கெங்கே இருந்தீர்கள் என்று வரிசையாகக் காட்டும். ரீசெட்டுக்கு முந்தைய வரியில் இருக்கும் அடையாளத்தை எடுத்து, அதிலிருந்து ஒரு புதிய கிளை உருவாக்குங்கள். எந்தக் கிளையிலும் சேராமல் நிற்கும் கமிட்டுக்கு வழக்கமான அமைப்பில் 30 நாள் தவணை உண்டு. அதற்குள் கை வைத்துவிட வேண்டும்.

கமிட் செய்யாமல், அதற்கு முன்படியான 'ஆட்' மட்டும் செய்திருந்தால், 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை 'லாஸ்ட்-ஃபவுண்ட்' என்ற தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். கோப்புப் பெயர் இருக்காது, உள்ளடக்கம் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். இரண்டுமே செய்யவில்லை என்றால் கிட்டிடம் இல்லை. நீங்கள் எழுதப் பயன்படுத்தும் எடிட்டரில் கோப்பின் பழைய நிலைகள் சேமிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள். மூன்று நாள் ஆகாது. வழி தெரிந்துவிட்டதே.

*என் மகன் மணிக்கணக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். விரல் அசைவதே இல்லை. கேட்டால் 'வேலை செய்கிறேன் அம்மா' என்கிறான். உண்மையா? (ஒரு தாய்)*

உண்மைதான் அம்மா. எழுதுவதைவிடப் படிப்பதுதான் எங்கள் வேலையில் அதிகம். மேலே சொன்ன தேடல் பிழைக்கு நான் கடைசியில் சேர்த்தது ஒரே வரி. அந்த வரி எங்கே போக வேண்டும் என்று கண்டுபிடிக்க இரண்டு மாலை ஆனது. அந்த இரண்டு மாலையும் என்னைப் பார்த்திருந்தால் நீங்கள் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு வேண்டுகோள். அவன் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, அவசரம் இல்லையென்றால், அவனே நிமிர்ந்து பார்க்கும்வரை கொஞ்சம் பொறுங்கள். ஏழெட்டுக் கோப்புகளில் இருப்பதை ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிக்கொண்டிருப்பான். கலைந்தால் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டும். அதே சமயம், இரண்டு மணி நேரம் தாண்டினால் நீங்களே எழுப்பி நடக்க அனுப்புங்கள். என் வீட்டில் அதை என் மகள் செய்கிறாள். பாதிப் பிழைகள் அந்த நடையில்தான் தீர்ந்திருக்கின்றன.

*2038இல் கணினிகள் நின்றுவிடும் என்கிறார்களே? (பத்தாம் வகுப்பு மாணவர்)*

எல்லாம் நிற்காது. பல அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி என்று எண்ணி வைக்கின்றன. அதை, எதிர்மறை எண்களுக்கும் இடம் விட்டு, 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில் வைத்தால் 2,147,483,647 வரைதான் எண்ண முடியும். உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 வினாடியோடு அது நிரம்பும். அடுத்த வினாடி எண் எதிர்மறையாகி, தேதி 1901க்குத் தாவும். 64 பிட்டுக்கு மாறியவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

ஆனால் 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை, தம்பி. ஒருவர் தன் கைக்குழந்தையின் 18ஆம் பிறந்தநாளுக்கு என் குறிப்பேட்டில் நினைவூட்டல் வைத்தார். தரவுத்தளத்தில் நான் அந்தத் தேதிக்குப் பழைய 32 பிட் வகையை வைத்திருந்ததால் சேமிக்க மறுத்துவிட்டது. அன்றே மாற்றினேன். குழந்தைக்குப் பதினெட்டு ஆகும்போது அந்த மணி அடிக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

*பதிப்பு 2.9க்குப் பிறகு 3.0தானே வர வேண்டும்? நீங்கள் 2.10 என்கிறீர்கள். (கணக்காளர்)*

அது தசமப் புள்ளி அல்ல. தனித்தனி எண்களைப் பிரிக்கும் புள்ளி. பழைய வழக்கத்தை உடைக்கும் மாற்றம் வந்தால் முதல் எண் கூடும், புது வசதி வந்தால் இரண்டாவது, திருத்தம் மட்டும் என்றால் அதற்கும் பின்னால் வரும் மூன்றாவது. நான் எதையும் உடைக்கவில்லை, அதனால் 2.10.

*பிழையைக் கண்டால் உங்களுக்கு எப்படி எழுதி அனுப்புவது? (பலர்)*

என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. எந்த உலாவி என்பதையும் சேர்த்தால் எனக்கு ஒரு மாலை மிச்சம். மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். 'எனக்குத்தான் தெரியவில்லை போலும்' என்று தொடங்கிய கடிதங்களில் பல, என் தவறைத்தான் காட்டின.

எழுத்து தொடர்பான பிழை என்றால் திரையைப் படம் பிடித்து மட்டும் அனுப்ப வேண்டாம். அந்தச் சொல்லையே நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள். படத்தில் இரண்டு கொடியும் ஒன்றுதான். பைட்டுகளை எண்ணிப் பார்க்க எனக்கு எழுத்து வேண்டும்.