மலையில் சூடு ஏறினால் சென்னைக்கு என்ன? – கேள்வி பதில்

நீலகிரிப் புல்வெளிகளில் பதினைந்து ஆண்டுகள் ஓடைகளை அளந்துகொண்டிருந்தேன். இப்போது அடையாறு வாசம். பருவநிலை மாற்றம் மலைகளை என்ன செய்கிறது, அது நமக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரம்பூர் வாசகர்: நம்ம ஊரில் பரங்கிமலையை விட்டால் மலையே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை சூடானால் எங்களுக்கு என்ன சார்?

உங்கள் பகுதிக்கு வீராணம் தண்ணீர் வருகிறதா? அப்படியென்றால் குழாயைத் திறந்தாலே குடகும் நீலகிரியும்தான். தலைக்காவிரியில் பிறக்கும் காவிரியில், நீலகிரி நீரைச் சுமந்து வரும் பவானி கலக்கிறது. அது கொள்ளிடம், வீராணம் என்று வந்து, சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாக நம்மை அடைகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரும் திட்டம் அது. கண்டலேறு வழியாக வரும் கிருஷ்ணா நீரும் மகாபலேஷ்வர் மலையில் பிறந்ததுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்ததும் காவிரித் தண்ணீரே.

மலை நமக்குச் செய்யும் பெரிய உதவி, மழையைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவது. நீலகிரிப் புல்வெளியில் ஜனவரி மாதம், மழை நின்று வாரங்கள் ஆகியிருக்கும். அப்போதும் புல்லை விலக்கி உள்ளங்கையை அழுத்தினால் மண் சில்லென்று ஈரமாக இருக்கும். சரிவின் அடியில், சோலை ஓரத்தில், பென்சில் தடிமனில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரக்காட்டுக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். அந்தக் கசிவுதான் கோடையில் ஆற்றுக்கு உயிர். மழை சில நாட்களில் கொட்டித் தீர்ந்து, இடையில் வறண்ட நாட்கள் நீண்டால் முதலில் கெடுவது அதுதான்.

வேளச்சேரி வாசகர்: மழை கூடும் என்கிறார்களே, அணை நிறையும்தானே?

எப்படிப் பெய்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். இறக்கும்போது மொத்தமாக இறக்கும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. 2015 டிசம்பரில் நம்மை மூழ்கடித்த மழையில் தாம்பரத்தில் ஒரு நாளில் பதிவானது 49 செ.மீ. 82 செ.மீ.யை எந்தப் புல்லும் உறிஞ்ச முடியாது. மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும், அணைக்குள் வண்டல் சேரும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் புதைந்தன. அந்த மழையின் வேகம் பருவநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடியிருந்ததாக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அந்தச் சரிவுகளில் இருந்தவர்களை நினைக்காமல் என்னால் இந்த எண்ணை எழுத முடியவில்லை.

மயிலாப்பூர் வாசகி: காபிப்பொடி விலை ஏறுவதற்கும் இதுதான் காரணமா?

ஒரு பங்கு உண்டு அம்மா. பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி என்றால் இங்கேயும் விலை ஏறும். நம் மலைகளில் நடப்பது வேறு. காபிச் செடியின் மொட்டு, கோடை மழை ஒன்று நனைத்த பிறகே விரியும். அதற்கடுத்து இன்னொரு மழை வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். முதல் மழை முந்தி வந்து, இரண்டாவது வராமல் போனால் ஆண்டு விளைச்சலே போச்சு. நீங்கள் வாங்கும் பிளாண்டேஷன் ஏ, அராபிகா வகை. குளிர்ச்சி விரும்பும் செடி. வெயில் ஏற ஏறத் தண்டு துளைப்பான் பூச்சியின் தொல்லையும் கூடும். நிழல் மரங்களை வெட்டாத தோட்டங்கள்தான் ஓரளவு தாங்குகின்றன.

கோயம்பேடு வியாபாரி: ஊட்டி கேரட்?

மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைக்கு வரத்து குறையும், அது உங்களுக்கே தெரியும்.

அம்பத்தூர் வாசகர்: வரையாடு மேலே ஏறிப் பிழைத்துக்கொள்ளாதா?

எவ்வளவு தூரம் ஏறும்? தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மேலே போகப் போகப் புல்வெளி சிறுத்துக்கொண்டே வரும்.

கல்லூரி மாணவர்: நாங்கள் நாற்பது பேர் ஊட்டி போய் மரம் நடலாம் என்று இருக்கிறோம். என்ன மரம் நடலாம் சார்?

தம்பி, தயவுசெய்து புல்வெளியில் எதையும் நடாதீர்கள். அது வெறும் தரிசு என்று நினைத்து வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதால்தான் இவ்வளவு புல்வெளியை இழந்தோம். கற்பூர மரம் நட்ட இடத்தில் ஓடை நீர் குறைந்ததை நீலகிரியின் கிளென்மார்கனில் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

வேறு வேலை இருக்கிறது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைக்கும். வனத்துறை அனுமதியோடு அந்த நாற்றுகளைப் பிடுங்கப் போங்கள். மழைக்குப் பிறகு, மண் இளகியிருக்கும்போது, அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். அறுந்தால் திரும்பத் துளிர்க்கும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்து ஆள் சொல்லி வையுங்கள்.