பணயத்தில் இருக்கும் நகையின் மேல் ஃபியட் வாங்கலாமா?

கேள்வி: சார், எனக்கு 47 வயது. கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கைக்கு வரும் சம்பளம் 58,000. அப்பா ஓட்டிய ஃபியட் 1100-ன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே பழனி போய் வந்தவன் நான். இப்போது பொள்ளாச்சியில் ஒரு 1971 ஃபியட் விலைக்கு வந்திருக்கிறது. 2.5 லட்சம் கேட்கிறார்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிந்து மூன்று வருடம் ஆகிறது, விண்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என்கிறார் விற்பவர். மனைவியின் 8 பவுன் ஏற்கெனவே பணயத்தில், அதாவது அடகில், இருக்கிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 2.5 லட்சம் தருவார்களாம். புதிதாக எதையும் வைக்க வேண்டியதில்லை. பழைய கார் ஒரு முதலீடு என்று நண்பர்களும் சொல்கிறார்கள். மாதம் 15,000 வரை காருக்கு ஒதுக்க முடியும். வாங்கலாமா? மனதில் ஏனோ ஒரு பயம் இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் சரியானது. ஆனால் அது காரைப் பற்றிய பயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடிதத்தோடு நகைக்கடன் கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தீர்கள். 2019-ல் மொட்டை மாடி ஒழுகியதற்கு 1.2 லட்சம். 2021-ல் அதே நகையை மாற்றி வைத்து, அதாவது பழைய கடனை முடித்து அதே நகைக்குக் கூடுதல் தொகையில் புதுக் கடன் போட்டு, மகளின் கல்லூரிக்கு 80,000. 2023-ல் மறுபடியும் மாற்றி வைத்து, மச்சினர் கடை போட 60,000. வட்டி 12 சதவீதம், ஒரு வருடம்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

தோராயமாகக் கூட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் வட்டி 28,800. அடுத்த இரண்டு வருடம் 48,000. அதற்கடுத்த இரண்டு வருடம் 62,400. ஆக 2025 வரை ஏறத்தாழ 1.4 லட்சம் வட்டியாகவே போயிருக்கிறது. இவ்வளவு கட்டிய பிறகும் பாக்கி அதே 2.6 லட்சம். ஃபியட்டுக்காக இன்னும் 2.5 லட்சம் ஏற்றினால் 5.1 லட்சம், வருட வட்டி 61,200. கார் ஷெட்டில் நின்றாலும் ஓடினாலும் மாதம் 5,100 ரூபாய் வட்டிக்கே போகும்.

"புதிதாக எதையும் வைக்க வேண்டியதில்லை" என்ற உங்கள் வரியை இரண்டு முறை படித்தேன். எல்லாச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பீரோவிலிருந்து நகையை எடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு போனால் கடன் வாங்குகிறோம் என்று மனதில் உறைக்கும். மாற்றி வைக்கும்போது அது உறைப்பதில்லை. கவுன்டரில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். தங்கம் விலை ஏறியது உங்கள் மனைவிக்குச் சேர வேண்டிய லாபம். ஆறு வருடமாக அதை விலை ஏற ஏற நீங்கள் கரைத்துக்கொண்டு வருகிறீர்கள். 2019-ல் வைத்த நகை ஒரு நாள்கூட வீட்டுக்கு வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் கூடி வரும்போது என்ன செய்வீர்கள்?

இப்போது ஓவர்டிராஃப்ட் நகைக்கடன் என்று ஒன்று வந்திருக்கிறது. நகை அவர்களிடம் இருக்கும், வேண்டும்போது போனிலேயே பணம் எடுத்துக்கொள்ளலாம். உங்களிடமும் அதைச் சொல்வார்கள். உங்களுக்கு இருக்கும் பழக்கத்துக்கு அதைப் போல் ஆபத்து வேறில்லை. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். தங்கம் விலை இறங்கும் வருடத்தில் புதுப்பிக்கப் போனால், குறைகிற தொகையைக் கையிலிருந்து கட்டச் சொல்வார்கள். கட்ட முடியாதவர்களின் கடன் எண்கள்தான் நாளிதழில் ஏல அறிவிப்பாகப் பொடி எழுத்தில் வரிசையாக வருகின்றன. எங்கள் வீட்டிலும் அம்மாவின் அட்டிகை அப்படிப் போனது. தொகை சின்னதுதான். அந்த அட்டிகைதான் திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? காருக்கு என்று ஒதுக்கும் அந்த 15,000-ஐ அடுத்த மாதம் முதல் நகைக்கடனில் கட்டுங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைக்கச் சொல்லி, ரசீதில் அப்படி எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 20 மாதத்தில் கடன் தீர்ந்து 8 பவுனும் வீட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகு அதே 15,000-ஐ வங்கியில் ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் சேமிப்பாக) போட்டால் இன்னொரு 20 மாதத்தில் அசலே 3 லட்சம் சேரும். அதில் தாராளமாக ஃபியட் வாங்குங்கள், நானே வாங்கச் சொல்வேன். மச்சினரின் 60,000 வந்தால் அன்றைக்கே அசலில் கட்டுங்கள். வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். மறுபடி கேட்டால், அவர் அக்காவின் நகையை மீட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை உங்கள் மனைவியே அவரிடம் சொல்லட்டும்.

மூன்று வருடத்துக்கு மேல் காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் இந்த வண்டி போனால் வேறு கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். இத்தாலியில் பிறந்த இந்த 1100-ஐ பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1950-களிலிருந்து செய்து வந்தது. அதுவே பிறகு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் 2000 வாக்கில்தான் நின்றது. அத்தனை வருடம் செய்த வண்டி, கோவைப் பக்கம் இன்னும் கிடைக்கும். முதலீடு என்ற பேச்சையும் இதனால்தான் நான் ஏற்பதில்லை. அபூர்வமாக இருப்பதற்குத்தான் விலை ஏறும். தகர வேலைக்கும் பெயின்டுக்கும் போடுகிற பணம் விற்கும்போது திரும்பி வருவதில்லை. ஆசைக்கு வாங்குங்கள், செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

விண்டேஜ் பதிவு விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' எழுத்துள்ள எண் வாங்கலாம். பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் சாலையில் இறக்கலாம். குடும்பத்தோடு பழனிக்குப் போக முடியாது. உங்களுக்கு வேண்டியதே அந்தப் பழனிப் பயணம் அல்லவா? அதனால் சாதாரண ஆர்.சி. புதுப்பித்த வண்டியாகப் பாருங்கள். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் இப்போது 10,000, தாமதத்துக்கு மாதம் 500. மூன்று வருடத்துக்கு அதுவே 18,000. இதை விற்பவரே கட்டி, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) எடுத்துத் தந்தால்தான் முன்பணம் என்று சொல்லிவிடுங்கள். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, நம்பர் மாற்ற வேண்டாம் என்று உங்கள் ஊரில் சொல்வார்கள். 12 மாதத்துக்கு மேல் கேரளாவில் வைத்திருந்தால் கேரள நம்பர் வாங்கியே ஆக வேண்டும், அதற்கான வரியையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

பார்க்கப் போகும்போது பளபளப்பில் மயங்காமல் கால்மிதி ரப்பரைத் தூக்கித் தரைத் தகரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு காந்தத்தையும் கொண்டு போங்கள். மட்கார்டில் அது ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது தகரமல்ல, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. ஸ்டீயரிங் பக்கத்து கியர் நான்கும் தடுமாறாமல் விழுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். டீசல் எஞ்சின் மாற்றிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். வாங்கியதும் பெட்ரோல் ஹோஸையெல்லாம் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும்.

அப்புறம், பழனிக்கு வெயிலுக்கு முன் கிளம்புங்கள். கோபாலபுரம், பொள்ளாச்சி வழியாகப் போய் உடுமலையில் டீக்கு நிறுத்தும்போது ரேடியேட்டரைப் பாருங்கள். சூடு ஆறும் வரை மூடியைத் திறக்க வேண்டாம்.