பழனியிலிருந்து திரும்பிய அன்று ரோட்டிலிருந்தே வீடு தெரிந்தது

கேள்வி: வெளியூர் போய்விட்டுத் திரும்பும்போது வீடு புயலில் சேதமாகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் என்ன செய்தீர்கள்?

பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர், கஜா புயல். எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிக்குப் பக்கம். தங்கை மகனுக்கு முதல் மொட்டை போட 14ஆம் தேதி எல்லோருமாகப் பழனிக்குக் கிளம்பினோம். டிவியில் புயல் செய்தி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றார்கள். அவ்வளவு நீளக் கடற்கரையில் நம் ஊர்ப் பக்கமா வந்துவிடப் போகிறது என்று நினைத்துவிட்டோம்.

16ஆம் தேதி அதிகாலை அது வேதாரண்யம் பக்கம் கரையேறி, மேற்கே எங்கள் பக்கமாகவே வந்தது. பழனியில் எங்களுக்கு மழைதான். ஊருக்குப் போன் போட்டால் ஒருவருக்கும் போகவில்லை. டவரெல்லாம் செத்திருந்தது.

மறுநாள் ஆலங்குடி வரைதான் பஸ். அப்புறம் கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் யாரோ ஒருவரின் டிராக்டர். வழியெல்லாம் ரோட்டில் கிடந்த மரங்களை ஊர்க்காரர்களே அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி நடந்துவிட்டோம். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. தென்னந்தோப்பு மறைத்துக்கொண்டிருப்பதால் எங்கள் வீடு ரோட்டிலிருந்து தெரியவே தெரியாது. அன்றைக்கு அங்கே நின்று பார்த்தால் வீடு தெரிகிறது, அதற்குப் பின்னால் ஏரிக்கரையும் தெரிகிறது. அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா வைத்த மரங்கள் 132. நின்றவை ஒன்பது. பாதி மரங்கள் தெற்கே தலை வைத்துக் கிடந்தன, மீதி வடக்கே. ஏன் அப்படி என்று சித்தப்பா சொல்லித்தான் புரிந்தது: "மொதல்ல வடக்கேருந்து அடிச்சுது தம்பி. அப்புறம் ஓஞ்சுது. சரி, முடிஞ்சுதுன்னு வெளிய வந்து பாத்தேன். திரும்பி தெக்கேருந்து வந்துது பாரு, அதுலதான் மிச்சமும் போச்சு." புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று அப்படி ஓய்ந்து திசை மாறும். அந்த ஓய்ந்த நேரத்தில்தான் அவர் எங்கள் பசுக்கள் இரண்டையும் அவிழ்த்துத் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டியிருக்கிறார். நாங்கள் கட்டிவிட்டுப் போன கொட்டகையின் மேல் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது.

முதலில் என்ன செய்தேன் என்றால், ஒன்றுமே செய்யவில்லை. ஓடு பறந்து, நெல் மூட்டையெல்லாம் நனைந்திருந்தது. எதைத் தொடுவது என்றே தெரியவில்லை. அந்த ராத்திரியை ஊரில் இருந்து கடந்தவர்கள் அதற்குள் மண்வெட்டியோடு இறங்கியிருந்தார்கள். நான்தான் மரம் மரமாகப் போய் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு ஊரில் இல்லாமல் போனது இன்னமும் எனக்கு உறுத்தல்தான். அம்மா எழுந்து வந்ததும் விழுந்த மரங்களிலிருந்து இளநீரை வெட்டச் சொன்னார். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. மூன்று நாள் தெருவே அந்த இளநீரைத்தான் குடித்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், உள்ளே போனதும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அறுந்து தொங்கும் கம்பி பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். எதையும் நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள். நான் பத்து மரத்தை அறுத்து ஒதுக்கின பிறகுதான் கணக்கெடுக்க வந்தார்கள். அந்தப் பத்துக்கும் வெட்டின அடிக்கட்டையைக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று. அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. நன்றாகக் காய்க்கும் மரம் ஒன்றிரண்டு வருடத்திலேயே அவ்வளவு கொடுத்துவிடும். புதுக் கன்று நெட்டை ரகமாக இருந்தால் பாளை விடவே ஆறேழு வருடம் ஆகும்.

புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளா, ஆந்திராவிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்று வயலில் இடுப்பளவு இறங்கிக் கம்பம் நட்டதைக் கண்ணால் பார்த்தேன். அவர்களை மறக்க மாட்டேன்.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. விழுந்த தண்டைத் தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, நிற்கும் மரத்தின் குருத்தைக் குடைந்துவிடும். அதனால் கிடைத்த விலைக்குச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டோம். எல்லாவற்றையும் அப்புறப்படுத்தப் பொங்கல் ஆகிவிட்டது.

ஒரு மரத்துக்கு மட்டும் ஒரு பக்க வேர் மண்ணிலேயே இருந்தது. படுத்த நிலையிலேயே அதன் குருத்து மேலே திரும்பத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, அதை அறுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து அதில் பாளை வந்தது. அன்றைக்கு மொட்டை போட்ட பிள்ளை இப்போது லீவுக்கு வந்தால், தரையில் நின்றபடியே அதில் இளநீர் பறிக்கிறான்.