படக் கட்டத்தின் ஓரங்களில் அச்சு மதிப்புகளை எப்படிக் குறிப்பது?

எம்நிஸ்ட் என்ற கையெழுத்து எண் படத் தொகுப்பைக் கொண்டு பயிற்சி பெற்ற ஒரு வேரியேஷனல் ஆட்டோஎன்கோடரின் (படத்தைச் சில எண்களாகச் சுருக்கி, அவற்றிலிருந்து மீண்டும் படம் உருவாக்கும் நரம்பியல் வலை) இருபரிமாண லேட்டன்ட் வெளியை, அதாவது அந்தச் சுருக்க எண்களின் வெளியை, இரு திசைகளிலும் −2 முதல் 2 வரை 0.2 இடைவெளியில் எடுத்து, 21 வரிசையும் 21 நெடுவரிசையுமாகப் படங்களை அடுக்கியிருக்கிறீர்கள். எந்தப் படம் எந்த மதிப்புக்கு உரியது என்பதைப் பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் எப்படிக் காட்டுவது என்பதே உங்கள் கேள்வி.

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி சப்பிளாட் (தனக்கென அச்சுகள் கொண்ட சிறு வரைபடம்) அமைக்கும் வழியை இங்கே பரிந்துரைக்க மாட்டேன். 441 அச்சுகளை வரைவதற்கு நெடுநேரம் ஆகும். சில படங்களே இருந்தால் அது நல்ல வழிதான். ஆனால் அங்கும் பலர் அச்சை மறைக்க ‘ஆக்சிஸ் ஆஃப்’ என்று கொடுத்துவிட்டு, அச்சுப் பெயர்களும் சேர்ந்து மறைந்துவிட்டனவே என்று திகைக்கிறார்கள். அச்சின் அளவுக் குறிகளை (டிக்) மட்டும் வெற்றுப் பட்டியலால் நீக்கினால், முதல் நெடுவரிசையில் எழுதிய ஒய் அச்சுப் பெயர்கள் அப்படியே நிற்கும்.

உங்கள் கட்டத்தை 588க்கு 588 பிக்சல் கொண்ட ஒரே படமாக ஒட்டி, படத்தைக் காட்டும் ‘இம்ஷோ’ கட்டளையை ஒரே ஒருமுறை கொடுங்கள். இம்ஷோவில் முழு எண்கள் பிக்சல்களின் நடுவைக் குறிப்பதால், 28 பிக்சல் அகலமுள்ள முதல் கட்டத்தின் மையம் 14 அன்று, 13.5. அடுத்தடுத்த மையங்கள் 28 கூட்டிக்கொண்டே வரும். 21 எண்களையும் எழுதினால் நெருக்கமாகிவிடும். ஐந்து கட்டத்துக்கு ஒன்றாக 13.5, 153.5, 293.5, 433.5, 573.5 ஆகிய இடங்களில் −2, −1, 0, 1, 2 என்று எழுதினால் போதும்.

ஒய் அச்சில்தான் மிகுந்த கவனம் தேவை. இம்ஷோ முதல் வரிசையை மேலே வைக்கிறது. நாமோ மதிப்பு மேல்நோக்கி வளர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்காக, முதல் வரிசை மேலா கீழா என்று சொல்லும் ‘ஆரிஜின்’ என்பதை ‘லோயர்’ என மாற்றினால் அச்சோடு சேர்ந்து ஒவ்வொரு எண்ணும் தலைகீழாகிவிடும். 6 என்பது இடவலம் மாறிய 9 போலத் தெரியும், 0, 1, 8 ஆகியவற்றில் பிழை கண்ணுக்கே படாது. ஆகவே ஆரிஜினைத் தொடாமல், படங்களை அடுக்கும்போதே ஒய் மதிப்புகளை 2இலிருந்து −2க்கு இறங்குவரிசையில் எடுத்து, குறிகளையும் அதே வரிசையில் எழுதுங்கள்.

அச்சுகளின் எல்லைகளைச் சொல்லும் ‘எக்ஸ்டென்ட்’ கொடுத்தால் குறிகள் தாமாகவே வந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எல்லையை −2, 2 என்று கொடுக்கக் கூடாது. அரைக் கட்டம் சேர்த்து −2.1, 2.1 என்று கொடுத்தால்தான் மதிப்புகள் மையத்தில் அமரும். மேலும், மதிப்புகளைச் சம இடைவெளியில் எடுக்காமல் இயல்நிலைப் பரவலின் திரள் சார்பின் நேர்மாறு வழியாக (நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் அகலமாகவும்) எடுப்பவர்களுக்கு இந்த முறை தவறான எண்களையே காட்டும். அவர்கள் மையங்களைக் கணக்கிட்டு எழுதுவதே சரி.

முடித்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள்: எக்ஸ் மதிப்பு 2, ஒய் மதிப்பு −1 உள்ள கட்டத்தை மட்டும் வெள்ளையாக்கி, மற்ற அனைத்தையும் கறுப்பாக்கி வரையுங்கள். வெள்ளைச் சதுரம் வலது ஓரத்தில், −1 என்ற குறிக்கு நேராக நிற்க வேண்டும். அது 1க்கு நேரே நின்றால் ஒய் வரிசை புரண்டிருக்கிறது. மேல் ஓரத்துக்குப் போயிருந்தால் இரு அச்சுகளும் இடம் மாறியிருக்கின்றன.