ஃபாதர் மீது புகார் எழுந்தால்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் சிறுவர் வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான், திருச்சபைச் சட்டமும் படித்தவள். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் மீது சிறுவர் துஷ்பிரயோகப் புகார் எழுந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள்.

அக்கா, என் மகள் ஃபாதரைப் பற்றி ஒரு விசயம் சொல்கிறாள். ஆயரிடம் போகணுமா, பொலிஸுக்கா?

பொலிஸுக்கு. இல்லாவிட்டால் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். ஆயருக்கும் எழுதலாம், ஆனால் அது இரண்டாவது. பிள்ளையை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒருமுறை எழுதி, திகதி போட்டு வையுங்கள். அண்மையில் நடந்ததென்றால் உடுப்பைக் கழுவ வேண்டாம், சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டிவரும். போனில் உள்ள மெசேஜையும் அழிக்காதீர்கள்.

ஆயர் இல்லத்தில் விசாரணை நடக்கிறதாம், முடியும்வரை வெளியே பேசாதே என்கிறார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இப்படியான புகார்களுக்கென்றே 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்ற திருச்சபைச் சட்டம் கொடுத்தார், 2023இல் அதை நிரந்தரமாக்கினார். புகார் சொன்னவரை வாயை மூடச் சொல்லக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. நாட்டுச் சட்டப்படி செய்ய வேண்டியதை அது தடுக்கவும் இல்லை. ஒருவர் குருவாக நீடிக்கலாமா என்பதைத்தான் திருச்சபை தீர்மானிக்கும். சிறைக்கு அனுப்புவது நீதிமன்றம்.

கோயில் காணி தகராறு ஒன்று...

என் துறை இல்லை. காணி வழக்குப் பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

அந்த ஃபாதரை வேறு பங்குக் கோயிலுக்கு மாற்றிவிட்டார்களே, போதாதா?

போதாது! அமெரிக்காவின் பொஸ்டனில் 2002இல் அம்பலமானதே, புகாருக்குள்ளான குருக்களைப் பங்கு பங்காக அனுப்பிய இந்த மாற்றல்கள்தான். அடுத்த பங்கிலும் பிள்ளைகள் மறைக்கல்விக்கு வருகிறார்கள்.

1 கொரிந்தியர் 6 வாசித்ததில்லையா? சகோதரன் மேல் வழக்குப் போகாதே என்கிறார் பவுல். கோயில் மானத்தை ஏன் சந்திக்கு இழுக்கிறீர்கள்?

வாசித்திருக்கிறேன் ஐயா. பவுல் அங்கே பேசுவது சபையாருக்குள் வரும் சில்லறை வழக்குகளை. குற்றம் செய்தவனைத் தண்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டென்று உரோமையர் 13இல் எழுதியதும் அவர்தான்.

அப்போ பொய்ப் புகாரென்றால்? ஒரு குருவானவரின் வாழ்க்கை போய்விடுமே.

அதற்காகத்தான் முறையான விசாரணை வேண்டும் என்கிறேன். பொலிஸ் விசாரித்து நீதிமன்றம் விடுவித்தால் அவர் பெயர் சுத்தமாகும். மூடிமறைத்தால் கடைசிவரை சந்தேகம்தான். தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு தாய் ஃபாதரை எதிர்த்து வாய் திறக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கோயில் மானத்தைக் கெடுப்பது அவள் இல்லை. இயேசு எந்திரக்கல்லைக் கழுத்தில் கட்டச் சொன்னது யாருக்கு என்று மத்தேயு 18இல் பாருங்கள்.

முதலில் ஆயரிடம் சொல்வது நல்லதில்லையா?

மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து வாசியுங்கள். பொலிஸ், 1929.

ஆயர் மீதே புகாரென்றால்?

கண்டி, பதுளை மறைமாவட்டங்கள் என்றால் கொழும்புப் பேராயருக்கு, அல்லது திருத்தந்தையின் தூதுவர் ஊடாக ரோமுக்கு. குற்றமென்றால் அப்போதும் பொலிஸ்.

பிள்ளையின் படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டால் நியாயம் கிடைக்குமா?

வேண்டவே வேண்டாம்.

எனக்கு நடந்து 15 வருசம் ஆகிறது அக்கா. இனி என்ன செய்ய?

தங்கச்சி, காலம் போய்விடவில்லை. இலங்கையில் குற்றம் நடந்து 20 வருடம்வரை வழக்குத் தொடரலாம், அதனால் தள்ளிப்போட வேண்டாம். திருச்சபையில் உங்களுக்கு 18 வயதானதிலிருந்து 20 வருடம், அதையும் ரோம் தளர்த்தலாம். நினைவில் இருக்கிற இடம், வருடம், அப்போது யாரிடமாவது சொன்னீர்களா என்பதை எழுதிக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.