தேக்கு கேட்டா, இரும்பு கேட்டா? சீட்டைத் தள்ளி எடுக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் புது வீடு கட்டி முடித்துவிட்டோம். வாசல் கேட் மட்டும் பாக்கி. அகலம் 12 அடி, உயரம் 5 அடி, இரட்டைக் கதவு. தேக்கில் செய்ய ஆசாரி 1,20,000 ரூபாய் கேட்கிறார். பொள்ளாச்சியில் ஒரு வெல்டிங் பட்டறையில், டிசைன் வெட்டிய தகடு வைத்த இரும்பு கேட்டுக்கு 42,000 சொல்கிறார்கள். என் கணவருக்குத் தேக்குதான் வேண்டுமாம். ஒரு தடவை போட்டால் பேரன் காலம் வரை நிற்கும் என்கிறார். கையில் 50,000 இருக்கிறது. கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் மாதம் 5,000 வீதம் 40 மாதச் சீட்டு ஒன்று ஓடுகிறது. ஒன்பது தவணை கட்டியாயிற்று. அதைத் தள்ளி, அதாவது ஏலத்தில் தொகையைக் குறைத்துக் கேட்டு இப்போதே எடுத்து, தேக்கே போட்டுவிடலாமா?

பதில்: சீட்டைத் தொடாதீர்கள். கேட் எதில் செய்வது என்பதை அப்புறம் பேசலாம், முதலில் இந்தச் சீட்டைப் பார்ப்போம்.

உங்களுடையது 2 லட்சம் ரூபாய்ச் சீட்டு. ஒன்பதாவது, பத்தாவது மாதத்தில் பணத் தேவைக்காரர்கள் பலர் வரிசையில் நிற்பார்கள். ஏலம் பெரும்பாலும் உச்சமான 30 சதவீதத் தள்ளுக்குப் போய்விடும். அந்த அளவுக்கும் பல பேர் தயாராக இருந்தால் குலுக்கல்தான். விழுந்தாலும் கைக்கு வருவது 1,40,000. கடைசி வரை பொறுத்திருந்தால் 5 சதவீதக் கமிஷன் போக 1,90,000 வரும். இரண்டிலும் வரிப் பிடித்தம் தனி. ஆக, அவசரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை 50,000 ரூபாய். கடைசியில் வரும் பணம் முப்பது மாதம் தள்ளி வருகிறது என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்குக் குறைவது வெறும் 70,000. அதற்காக 2 லட்சம் சீட்டை உடைப்பதா? போதாததற்கு, சீட்டு எடுத்த பிறகு மீதித் தவணைகளுக்கு ஜாமீன் வேறு காட்ட வேண்டும்: சம்பளச் சான்று, நகை, பத்திரம், ஏதாவது ஒன்று. ஒரு கேட்டுக்காக வீட்டுப் பத்திரத்தையோ நகையையோ வெளியே எடுக்கும் நிலை வேண்டாம்.

இன்னொன்று, கேட் சொத்து ஆகாது, அது செலவு. நாளைக்கு வீட்டை விற்கப் போனாலும் அடமானம் வைக்கப் போனாலும், மதிப்புப் போட வருகிறவர் எத்தனை சென்ட், கட்டடம் எத்தனை சதுர அடி, ரோடு எவ்வளவு அகலம் என்றுதான் பார்ப்பார். தேக்கு கேட்டுக்கென்று தனியாக ஒரு லட்சம் கூட்டிப் போட மாட்டார்.

உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை, தேக்கு நிற்கும். ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கு கூரைக்குக் கீழே தலைமுறை தாண்டும். வெட்டவெளியில் கதை வேறு. உங்கள் ஊரில் மார்ச், ஏப்ரல் வெயிலில் பலகை சுருங்கிக் கீறல் விடும். ஆனி, ஆடி மழையில் ஊதும். வருடா வருடம் எண்ணெயோ பாலிஷோ போட ஆள் பிடிக்க வேண்டும், விட்டால் நரைத்துப் போகும். விலை பேசும்போது, தேக்குக்குப் பேர்போன கேரளத்து நிலம்பூர் தேக்கு என்பார்கள். அந்தப் பேரில் வருவதெல்லாம் நிலம்பூர் மண்ணைப் பார்த்ததல்ல. பலகையின் ஓரத்தில் வெள்ளைக்கட்டை (வைரம் பாயாத வெளிர் பகுதி) எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், கறையான் முதலில் கை வைப்பது அதில்தான். மரத்தில் ஆசை இருந்தால் சிட்-அவுட்டுக்குள் (முன் திண்ணைக்குள்) வரும் தலைவாசல் கதவில் காட்டுங்கள். மழை படாது, தினமும் கண்ணில் படும்.

ஆகவே இரும்புதான். ஆனால் அந்த 42,000 கொட்டேஷனை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். சதுர அடிக்கு 700 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். சதுர அடிக் கணக்கில் பேசினால் பட்டறைக்காரருக்கு மெல்லிய பைப் போடத்தான் தோன்றும். 50க்கு 50 மில்லிமீட்டர் சதுரப் பைப் 2 மில்லிமீட்டர் கனத்தில் 20 அடி நீளம் சுமார் 18 கிலோ, 1.2 மில்லிமீட்டரில் 11 கிலோதான். பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் பைப், என்ன கனம், மொத்தம் எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். மாட்டும் முன் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கச் சம்மதமா என்றும் கேளுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

டிசைன் தகட்டைப் பற்றியும் யோசியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் வீட்டு வழியாகத்தான் போகிறது. முழுத் தகடு அடித்த கேட் அந்தக் காற்றை வாங்கி வாங்கிக் கீலையும் தூணையும் ஆட்டி எடுக்கும். கீழே இரண்டடிக்குத் தகடு, மேலே இடைவெளி விட்ட பட்டைகள் என்று வைத்தால் காற்றும் போகும், காசும் குறையும். கணவர் அரைமனதாக இருந்தால் இரும்புச் சட்டத்துக்குள் மரப் பட்டைகளைப் போல்ட் போட்டுப் பொருத்தலாம். ஒரு பட்டை கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெல்டிங் வைத்த இடங்களைத் தேய்த்துவிட்டு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பைப்பின் வாயை மூடியிருக்க வேண்டும். துரு உள்ளேயிருந்துதான் கிளம்பும்.

18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துத்தான் 42,000மா என்றும் கேளுங்கள். சேரவில்லை என்றால் 49,560 ஆகிவிடும், வண்டி வாடகைக்குக்கூட மிஞ்சாது. பதிவு இல்லாத பட்டறை ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தால் பில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை, கேட் மாட்டி, இரண்டு கதவும் தரையில் உரசாமல் திறந்து மூடுவதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.