கரையை உயர்த்துவதற்கு முன் கலுங்கைப் பாருங்கள்

கேள்வி: திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் இடையில் எங்களுக்கு ஏழு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் தாழ்வான மூலையில் மண்கரை போட்டு மழைத்தண்ணீரைத் தேக்கினார்கள். கரை எட்டடி உயரம், மேல்தட்டு ஐந்தடி அகலம். மேலே சுமார் 20 ஏக்கர் நிலத்துத் தண்ணீர் இதில் வந்து சேரும். நிறைந்தால் வழிய ஆறு அங்குல பிவிசி குழாய் இரண்டு. முண்டு மிளகாய்க்கு இந்தத் தண்ணீர்தான். போன கோடையில் கரையில் நின்ற சீமைக் கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கினோம். ஐப்பசி மழையில் வெளிப்பக்க அடியில், பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடைக்குழாய் பக்கத்தில் கசிவு கண்டது. இரண்டு நாள் கலங்கலாகவே வந்தது. கீழே ஒரு ரோடும் நாலைந்து வீடுகளும் உண்டு. கரையை இரண்டடி உயர்த்த நினைக்கிறோம். செய்யலாமா? அனுமதி வேண்டுமா? பக்கத்து நிலத்துக்காரர் தன் கொல்லையில் உப்புப் பூக்கிறது என்கிறார். அது எங்களாலா?

பதில்: உயர்த்த வேண்டாம். குறைந்தபட்சம் கசிவுக்கு வழி செய்து, நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு கட்டி முடிக்கும்வரை வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய சொல் 'கலங்கலாக' என்பதுதான். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக, ஒரே அளவில் கசிந்தால் கண் வைத்திருந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது, உள்ளே ஒரு வளை உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு தானாக நின்றுவிட்டது என்றால், தண்ணீர் மட்டம் இறங்கியதால் நின்றிருக்கும். வளை அங்கேயேதான் இருக்கும்.

நம் கடலோர மண்ணுக்கு இதில் ஒரு தனிக்குணம் உண்டு. இங்குள்ள களிமண்ணில் பல இடங்களில் சோடியம் ஏறியிருக்கும். உப்பும் சேர்ந்து இருக்கும்வரை துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கையால் பிசைந்து பார்த்தால் நல்ல கெட்டி மண் என்றே தோன்றும். உப்பில்லாத மழைத்தண்ணீர் அந்த உப்பை அலசிக்கொண்டு போனதும், துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். அதற்கு வேகமான ஓட்டம்கூடத் தேவையில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரையில் வடகிழக்குப் பருவமழை முதல் தடவை நிறைகிற நாட்கள்தான் இதனாலேயே மோசமானவை. பல வருஷம் நின்ற கரையாயிற்றே என்ற தைரியம் இந்த மண்ணில் செல்லாது.

உங்கள் மண் அப்படிப்பட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கரையில் ஓரடி ஆழத்திலிருந்து ஈரப்பதத்தோடு மண் எடுத்து, பட்டாணி அளவு கட்டியை ஒரு கண்ணாடி டம்ளரில் மெதுவாக விடுங்கள். டம்ளரில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரோ சுத்தமான மழைத்தண்ணீரோ இருக்க வேண்டும். போர் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும். கலக்காமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மங்கல் பரவினால் அது கரைகிற மண். நாலைந்து இடத்தில் எடுத்துச் செய்யுங்கள். மங்கல் தெரிந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் பரிமாற்றச் சோடியம் சதவீதம் (ESP) கேளுங்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால் களர் மண். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கும் ஆலோசனை கேட்கலாம். இந்த மண்ணுக்கு மருந்து ஜிப்சம். உள்சரிவின் மேல் ஓரடி மண்ணைக் கிளறி, மண் எடைக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலந்து, ஈரப்படுத்திக் கெட்டிப்படுத்துவார்கள். சரியான அளவைப் பரிசோதனை முடிவை வைத்து முடிவு செய்யுங்கள்.

கசிவு வெளியே வரும் இடத்தைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே அழுத்தி வேறு பக்கம் வழி தேடும். தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். கசிகிற இடத்தின் மேல் கான்கிரீட்டுக்குப் போடும் மணல் ஓரடி, அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் கல் என்று இந்த வரிசையில் போடுங்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். குளம் வற்றியதும் அந்த மடைக்குழாயைத் தோண்டி எடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டும். குழாய்க்கு அடியில் மண்ணை யாரும் சரியாகக் கெட்டிப்படுத்துவதில்லை, தண்ணீர் குழாயை ஒட்டியே போகும். பதிக்கும்போது குழாயின் வெளிப்பாதியைச் சுற்றிலும் அதே மணலை வைக்கச் சொல்லுங்கள்.

கருவேலம் பிடுங்கிய குழிகளும் கிட்டத்தட்ட அதே ரகம். ஜேசிபி வாளியால் தள்ளி மூடியிருந்தால் அவை பொதபொதவென்று கிடக்கும். திரும்பத் தோண்டி, மிச்ச வேரை எடுத்து, அரையடி அரையடியாக மண் போட்டு இடித்து ஏற்றுங்கள். மேலே அருகம்புல் போதும். பழைய கண்மாய்க் கரைகளில் பனை நிற்கிறதே என்பீர்கள். அவை அகலமான கரைகள். உங்கள் ஐந்தடி மேல்தட்டில் பனையும் வேண்டாம், எந்த மரமும் வேண்டாம்.

இனி கலுங்கு. உங்கள் 20 ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டி, அதில் பாதி ஓடி வந்தால்கூட நொடிக்கு சுமார் 560 லிட்டர் உள்ளே வரும். இரண்டு ஆறு அங்குலக் குழாயும் சேர்ந்து எழுபது, எண்பது லிட்டர் வெளியேற்றினாலே பெரிது. அதிலும் ஒரு தேங்காய் மட்டை வந்து வாயில் மாட்டினால் அதுவும் போச்சு. மிச்சத் தண்ணீர் கரை மேல்தான் ஏறும். மண்கரை மேல் தண்ணீர் ஏறி ஓடினால் அரிப்பு சீக்கிரமே உடைப்பாகிவிடும்.

ராமநாதபுரம் பெரிய கண்மாயாகட்டும், ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயாகட்டும், நிறைந்த தண்ணீர் போக அகலமான கல் கலுங்குதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் சின்னக் கரைக்கும் அதுதான் வழி. இரண்டு மீட்டர் அகலக் கலுங்கில் ஓரடி உயரம் தண்ணீர் வழிந்தால் அந்த 560 லிட்டர் போய்விடும். ஆனால் புயல் மழையில் மணிக்கு 10 சென்டிமீட்டரும் வரலாம். அதனால் நான்கு மீட்டர், அதாவது பதின்மூன்றடி அகலம் வையுங்கள். கலுங்கின் தளம் கரை மேல்தட்டைவிட இரண்டரை அடியாவது தாழ்ந்திருக்கட்டும். கரையின் நடுவே வெட்டாமல், ஓரத்தில் கரை போடாத இயற்கையான கெட்டித் தரையில் அமைத்து, வழிகிற தண்ணீர் கரை அடியைத் தொடாமல் போகக் கல் பதியுங்கள். அந்த மறுகால் எங்கே போய்ச் சேரும் என்பதையும் இப்போதே நடந்து பாருங்கள். வீடுகளின் பக்கம் திரும்பினால் வாய்க்கால் வேண்டும்.

இதனால் தேங்கும் தண்ணீர் கொஞ்சம் குறையலாம். உண்மைதான். ஆனால் நீங்கள் நினைத்த இரண்டடிக்கு இந்தக் கரையில் இடமே இல்லை. ஒன்றுக்கு இரண்டு சரிவில், அதாவது ஓரடி உயரத்துக்குப் பக்கத்துக்கு இரண்டடி என்ற கணக்கில், இரண்டடி மண் நிற்க அடியில் எட்டடி அகலம் வேண்டும், உங்களிடம் இருப்பது ஐந்து. வெளிச்சரிவை அடியிலிருந்தே அகலப்படுத்தாமல் உச்சியில் மண் கொட்டினால், முதல் மழையில் அதுவே சரிந்து உள்ளே விழும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பக்கத்தில், ஆழப்படுத்தலாம். அதையும் கரையடியிலிருந்து பதினைந்தடி தள்ளி, முதலில் ஆகர் என்ற மண் துளைக்கும் கருவி வைத்துத் துளை போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உவர்த்தண்ணீர் தட்டினால் அதற்கு மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சில அடி அதிகம் தோண்டி நல்ல குளத்தை உப்புக்குளமாக்கிக்கொண்டவர்கள் நம் கடலோரத்தில் உண்டு.

பக்கத்து நிலத்துக்காரர் சொல்வது நியாயமாக இருக்கலாம். உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்தாலும், கசிவு அவர் நிலத்தடி மட்டத்தை உயர்த்தினால், மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் உப்பு ஈரத்தோடு மேலே ஏறும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கரையடியை ஒட்டி ஒரு வடிகால் வெட்டிக் கசிவை மறுகாலில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் தீரும். அருகில் இறால் பண்ணை இருந்தால் அதன் உப்புத்தண்ணீர் கசிகிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள். தேக்கிய தண்ணீரால் கிணறுகளுக்கு நன்மையும் உண்டு. மணற்பாங்கான கடலோரத்தில் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அடியில் ஏறக்குறைய நாற்பதடிக்கு உவர்நீரைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. களிமண் அடுக்கு குறுக்கே இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே வராது.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும்தான். உங்கள் கரை அதில் வராது. ஆனால் தண்ணீர் வரும் பாதை, நில அளவைப் படமான புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால், அதை மறிக்க உங்களுக்கு உரிமை இல்லை. கீழே ஒரு ஊரணியோ கண்மாயோ அதை நம்பியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கிப் பாருங்கள். கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால் மண்வேலைக்கு முன் கடலோர ஒழுங்குமுறை விதிகளையும் விசாரிக்க வேண்டும். கலுங்கு அளவெடுப்புக்கு வேளாண் பொறியியல் துறையின் உதவியைக் கேளுங்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு? 1874இல் இதே கேள்வி, அன்றைய மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சித்தூர் பக்கத்துக் கார்வேட்நகரம் ஜமீன் ஏரிகள் பெருமழையில் உடைந்து மெட்ராஸ் ரயில்வேயின் பாதை சேதமானது. ஏரிகளைக் காப்பது இந்த நாட்டில் ஜமீனின் கடமை, கவனக்குறைவு இல்லாதவரை நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. உங்கள் கதை வேறு. கலங்கல் கசிவைப் பார்த்துவிட்டீர்கள், கடிதமும் எழுதிவிட்டீர்கள். இனி எதுவும் செய்யாமல் விட்டால் அதுதான் கவனக்குறைவு.

வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் இந்த வருஷம் குளத்தைப் பாதிக்கு மேல் நிறைய விடாதீர்கள். ஓரத்துக் கெட்டித் தரையில் தாழ்வாக வெட்டிவிட்டாலே போதும். மட்டத்தைக் குறைக்கும்போது பல மோட்டார் வைத்து ஒரே நாளில் இறைக்காதீர்கள், ஈரம் குடித்த உள்சரிவு சரியும். மழை நாளில் காலையும் மாலையும் வெளிப்பக்க அடியில் நடந்து பாருங்கள். மறுபடி கலங்கல் வந்தாலோ, தரையில் தண்ணீர் குமிழியிட்டுக் கொப்பளித்தாலோ, அந்த இடத்தைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும்படி செய்யுங்கள், வாயை அடைக்காதீர்கள். ஓட்டம் பெருகிக்கொண்டே போனால் கரையில் யாரும் நிற்கக்கூடாது. கீழ் வீட்டுக்காரர்களை உடனே வெளியேற்றிவிட்டு, ரோட்டை இரண்டு பக்கமும் மறித்து, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரர்களின் போன் எண்களை மழைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.